ஆறு ரூபாய்த் தையல்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு ஒரு யோசனை சொன்னேன். "ஆறு ரூபாய்க்கு எவ்ளோ தைக்கலாமோ அவ்ளோ தைச்சாப் போதும்மா. எதுக்கு இப்டி உசுர உடற?"

இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும். தைத்து முடித்திருந்த ஒரு ஷூவின் மேற்பாகத்தை மடியில் வைத்து, அதன் முனையில் நான்கைந்து தையல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட் திருப்பி அனுப்பியதல்ல அது. அவர் அனுப்பியிருக்கவும் மாட்டார். எத்தனை முறை உற்றுப் பார்த்தும் எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அம்மா தலை நிமிராமல் சொன்னார்: "அவன் பாக்க மாட்டான். நான் பாத்துட்டனே, இன்னா பண்றது?"

அப்போது எனக்கு எரிச்சல்தான் வந்தது. சுரண்டல் என்ற சொல்லைப் புதிதாகக் கற்றிருந்த வயது. குறைந்த கூலிக்கு நல்ல வேலை செய்து தருவது, சுரண்டுகிறவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பரிசு என்று நினைத்தேன். இன்று அந்தத் தீர்ப்பில் எனக்கு அவ்வளவு உறுதியில்லை. ஒரு வேலையை நன்றாகச் செய்வது யாருக்கு நாம் செலுத்தும் கடன்? முதலாளிக்கா, வாங்குபவருக்கா, அந்தப் பொருளுக்கா, நமக்கேவா? கூலி நியாயமாக இல்லாதபோது அந்தக் கடன் ரத்தாகிவிடுகிறதா?

நாங்கள் ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கம் முழுக்கத் தோல் தொழில்தான். வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் பல ஷூக்கள் இங்கிருந்து போகின்றன. அவற்றின் எல்லா வேலையும் தொழிற்சாலைக்குள் நடப்பதில்லை. ஒரு பங்கு வீட்டு வாசற்படிகளில் நடக்கிறது. வெட்டித் துளையிட்ட தோல் துண்டுகளை ஏஜென்ட் கம்பெனியிலிருந்து வாங்கி வந்து வீடு வீடாகப் போடுவார். பெண்கள் கையால் தைப்பார்கள். மறுநாள் ஜோடிக் கணக்கில் எண்ணி எடுத்துப்போவார். சரியில்லை என்று திரும்பி வந்தால் பிரித்து மறுபடி தைக்க வேண்டும். அதற்குக் கூலி கிடையாது.

அம்மா பத்தொன்பது ஆண்டுகள் தைத்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர் வாசலில் நின்று, வீட்டில் யார் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டபோது, அம்மா ஊசியும் கையுமாக அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். "அவ வூட்லதான் கீறா" என்றார் அப்பா. அம்மாவும் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அதில் தவறாக ஒன்றும் படவில்லை.

அப்படி 'வீட்டில் இருந்தபடி' அவர் செய்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். லேஸ் இல்லாத மொக்காசின் வகை ஷூவில், கால்விரல்களுக்கு மேலே குதிரை லாட வடிவில் ஒரு தையல் ஓடும். உள்ளே ஒரு சிறிய துண்டு, சுற்றி வருவது பெரிய துண்டு. பெரிய துண்டின் விளிம்பு சிறியதைவிட நீளமானது. அந்த அதிகப்படி நீளத்தை ஒவ்வொரு தையலிலும் கொஞ்சங்கொஞ்சமாகச் சுருக்கி உள்ளே இழுக்க வேண்டும். முனையில் வரும் சுருக்கங்கள் ஒரே அளவில் இருக்க வேண்டும். இடது காலும் வலது காலும் கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல ஒத்துப்போக வேண்டும்.

தோல் துணியைப் போன்றதும் அல்ல. மாட்டின் முதுகுப் பக்கத்துத் தோல் இறுக்கமாக இருக்கும். வயிற்றுப் பக்கத்துத் தோல் இழுத்தால் நீளும். இரண்டையும் ஒரே விசையில் இழுத்தால் ஒன்று விறைத்து நிற்கும், மற்றது தளர்ந்து போகும். தைப்பவரின் கை ஒவ்வொரு துண்டையும் தொட்டு, அது எங்கிருந்து வந்த தோல் என்பதை உணர்ந்து, எவ்வளவு இழுப்பது என்று அப்போதைக்கப்போது முடிவு செய்ய வேண்டும். இதை யாரும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. துளைகள் ஏற்கெனவே போட்டு வருவதால், "ஓட்டையில நூலக் கோக்கற வேலதானே" என்பார் ஏஜென்ட். அந்த நூல் விரலை அறுக்காமல் இருக்க, பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி அம்மா மாட்டிக்கொள்வார். கழற்றும்போது விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

பெண்களின் திறமை ஏன் திறமையாகக் கணக்கில் வருவதில்லை என்ற கேள்வியைப் பெண்ணியவாதிகள் வெகுகாலமாகவே கேட்டு வந்திருக்கிறார்கள். ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெண்களைத் தேடிப் பிடிப்பதைப் பற்றி டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இல் எழுதினார்கள். பெண்களின் விரல்கள் பிறவியிலேயே லாவகமானவை அல்ல. சிறு வயதிலிருந்து வீட்டில் பெறும் பயிற்சிதான் அந்த லாவகம். அது வீட்டுக்குள், கூலியின்றிக் கிடைத்த பயிற்சி என்பதாலேயே இயற்கைக் குணம்போலக் காட்டப்படுகிறது. இயற்கைக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. 1982இல் மரியா மீஸ் ஆந்திராவின் நரசாபூரில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய தன் ஆய்வை நூலாக்கினார். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் பெண்கள், ஓய்வு நேரத்தில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகளாகக் கருதப்படுவதை அதில் காட்டினார். நான் முதல் முறை அதைப் படித்தபோது, கணக்கெடுப்பு நாளன்று அப்பா சொன்ன வாக்கியம் காதில் விழுந்தது.

எங்கள் வீட்டில் இந்தக் கதைக்கு ஒரு தலைமுறை முந்தைய பகுதியும் உண்டு. அம்மாவின் அப்பா கவலைக்குத் தோல் தைத்தவர். மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைத்த காலத்தில் தோல் பையும் வாலும் கிழிந்தால் தாத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடுவது பெயரால் அல்ல, சாதியால். தைத்ததை எடுத்துக்கொண்டு, தைத்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பம்புசெட் வந்ததும் அந்த வேலை போனது. அந்த அவமானத்துக்கு நடுவிலும் தாத்தாவின் குத்தூசி அவருடைய சொத்தாக இருந்தது. மகன்கள் அதைத் தொடலாம், மகள் தொடக் கூடாது. அம்மாவுக்குக் கிடைத்தது தோலை ஊறவைப்பதும் நூலுக்கு மெழுகு தேய்ப்பதும்தான். ஊர் தாத்தாவுக்கு மரியாதையை மறுத்தது. தாத்தா தன் மகளுக்குத் தொழிலை மறுத்தார். அம்மா ஓரமாக உட்கார்ந்து, மெழுகு தேய்த்தபடியே பார்த்துக் கற்றுக்கொண்டார்.

மறுபடி அந்த ஆறு ரூபாய்க்கு வருகிறேன். அம்மாவின் தையலில் நான் அப்போது கவனிக்காத ஒரு சிக்கல் இருந்தது. ஏஜென்ட் அவர் தைத்த ஜோடி ஒன்றைத் தன் பையிலேயே வைத்துக்கொள்வார். மற்ற வீடுகளில் அதை எடுத்துக் காட்டி, "இதே ஆறு ரூபாய்க்கு அந்தம்மா எப்டித் தைச்சிக் குடுக்குது பாரு" என்பார். சுமாராக இருந்த, முன்பெல்லாம் எடுத்துக்கொண்டுபோன ஜோடிகளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரு நாள் எதிர்வீட்டு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்று அழுதார். "உன் கைய வெச்சி எங்க வவுத்துல அடிக்கிறான்க்கா."

நான் சொன்ன யோசனை சரிதான் என்று அந்த ஒரு நிமிடம் தோன்றியது. நன்றாகச் செய்வது வெறும் தனிப்பட்ட நற்குணம் இல்லை. அது போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்து அடுத்தவர் முதுகில் விழும் பிரம்பாகவும் மாறலாம். அம்மா தன் மனசாட்சிக்காகப் பிரித்துத் தைத்த நான்கு தையல், அடுத்த வீட்டில் கூலியில்லாத இரண்டு மணி நேரமாக விழுந்தது.

ஆனால் அம்மா மோசமாகத் தைக்கத் தொடங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். முனைக்கு வருவதற்கு எத்தனை துளைக்கு முன்பிருந்தே சுருக்கத் தொடங்க வேண்டும், நீளும் தோலை எப்படிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், இடது காலைத் தைத்த கையோடு வலது காலை ஏன் தைக்க வேண்டும் என்று காட்டினார். சில வாரங்களில் திரும்பி வரும் ஜோடிகள் குறைந்தன. உடனே ஏஜென்ட் மூட்டையைப் பெரிதாக்கினார். கூலி அதே ஆறு ரூபாய். திறமை கூடினால் கூலி கூடும் என்ற கணக்கு எங்கள் தெருவில் நடக்கவில்லை. மிச்சமான நேரம் முழுவதும் ஏஜென்டுக்கே போனது.

கடைசியில் அந்த ஐந்து பெண்களும் ஒரு வாரத்தின் மூட்டையைத் தைத்து முடித்துவிட்டு, கொடுக்காமல் உள்ளே வைத்துக்கொண்டார்கள். அனுப்ப வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பாக இருந்தால் ஏஜென்ட் ஐந்து பேரில் மட்டமாகத் தைப்பவரை மிரட்டியிருப்பார், அம்மாவைத் தனியாக அழைத்து ஐம்பது காசு கூட்டித் தருவதாகச் சொல்லியிருப்பார். இப்போது ஐந்து ஜோடிகளையும் பக்கத்தில் வைத்தால் யார் தைத்தது எது என்று அவருக்கே தெரியாது. இரண்டு நாள் கழித்து ஏழு ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். ஒரு ரூபாய்தான். அந்த ஒரு ரூபாய் அம்மாவின் தனித் திறமைக்குக் கிடைத்ததில்லை. திறமை ஒருவரிடம் மட்டும் இருந்தவரை அது மற்றவர்களுக்கு எதிரான ஆயுதமாக இருந்தது. ஐந்து பேரிடமும் வந்த பிறகுதான் ஏஜென்டோடு பேரம் பேசும் பலமாக மாறியது.

இதை நான் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் அதே தவற்றை நானும் செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னையில் வேலைக்கு இருந்தபோது, வார இறுதியில் நடந்த தோல் கைவினைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். குளிரூட்டிய அறை. மேசைகளில் இத்தாலியத் தோல், மெழுகேற்றிய நூல், தோலைக் கவ்விப் பிடிக்கும் மரக் கிடுக்கி. கட்டணமாக நான் கொடுத்த தொகை, அம்மா பல மாதம் தைத்தால் கிடைப்பது. சேணத் தையல் கற்றுக் கொடுத்தார்கள். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிர்த் திசையில் நுழைந்து வெளியே வரும். தையல் இயந்திரம் போடும் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் கொக்கிபோட்டு நிற்கும், ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் கழன்றுவரத் தொடங்கும். சேணத் தையலில் ஓர் இடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் ஓடும் நூல் பிடித்துக்கொள்ளும். அழகான ஏற்பாடு. அந்த அறையில் இருந்த யாருக்கும் அது சாதியை நினைவூட்டவில்லை. தோலைத் தொட்டதற்காகத் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட வேலை, தொட வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் தொடும்போது கலையாகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு சிறிய பணப்பை தைத்து அம்மாவிடம் காட்டினேன். முன்பக்கம் தையல்கள் சாய்வாக, வரிசையாக இருந்தன. பின்பக்கம் சில சாய்ந்தும் சில நேராகவும் தாறுமாறாகக் கிடந்தன. திருப்பிப் பார்த்தவர், "எந்த ஊசிய மொதல்ல உடற?" என்று கேட்டார். எது கைக்கு வருகிறதோ அதை என்றேன். "அதான். ஒரு ஓட்டைக்கு ஒரு மாதிரி உடக் கூடாது. மொதல்ல போனது எப்பவும் மொதல்ல போவணும். அது போனதும் நூல ஒரு பக்கமா இழுத்துப் புடி, ரெண்டாவது ஊசி நூலுக்குள்ள குத்தாது." பிறகு என் கைகளைக் கவனித்தார். "சோத்துக்கை இழுக்குது, பீச்சக்கை சும்மா கூட வருது. ரெண்டும் ஒண்ணா இழுக்கணும்." ஒரு மாதம் அப்படியே செய்தேன். பின்பக்கம் ஒழுங்குக்கு வந்தது. பயிற்சியில் இரண்டு நாளில் பெறாததைச் சமையலறை வாசலில் உட்கார்ந்து பெற்றேன்.

அடுத்த ஆண்டு ஒரு கைவினைச் சந்தையில் என் பைகளை விற்பனைக்கு வைத்தேன். தோள்பைகளின் வளைந்த மூலைகள் எனக்குச் சரியாக வராது. அங்கேயும் நீளமான விளிம்பைக் குட்டையான விளிம்போடு சுருக்கிச் சேர்க்க வேண்டும், ஷூவின் முனையைப் போல. எல்லா மூலைகளையும் அம்மாதான் தைத்துக் கொடுத்தார். ஒரு பெண் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூலையை விரலால் தடவி, "எல்லாமே நீங்களே கையால் தைத்ததா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். அவர் பேரம் பேசாமல் 2,800 ரூபாய் கொடுத்தார்.

அந்த ஒரு சொல்லை இலகுவாகச் சொல்ல முடிந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. மகள் என்ற உரிமையில் அம்மாவின் உழைப்பைக் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். அப்பா "வூட்லதான் கீறா" என்று சொன்னதற்கும் நான் "ஆமாம்" என்று சொன்னதற்கும் வித்தியாசமில்லை. அந்த இரண்டு சொற்களும் அம்மாவின் வேலையைக் குடும்பம் என்ற உறைக்குள் போட்டு மூடின. ஏஜென்டாவது ஏழு ரூபாய் கொடுத்தார்.

ரிச்சர்ட் சென்னட் என்ற சமூகவியலாளர் 2008இல் கைவினைஞர்களைப் பற்றி எழுதிய நூலில், ஒரு வேலையை அந்த வேலைக்காகவே நன்றாகச் செய்ய வேண்டும் என்ற உந்துதலை மனிதரின் அடிப்படை உந்துதல்களில் ஒன்றாக வைக்கிறார். அம்மாவைப் பார்த்தவள் என்பதால் அதை நான் நம்புகிறேன். வசதியாக வாழ்பவர்களுக்கு மட்டும் வரும் உணர்வு இல்லை அது. பத்து மணிக்கு மேல், அறுபட்ட விரலோடு, யாரும் பார்க்காத தையலைப் பிரித்தவரிடமும் அது இருந்தது. அதை ஏமாந்தவளின் அறியாமை என்று பத்தொன்பது வயதில் நான் சொன்னபோது, ஏஜென்டால் எடுத்துப்போக முடியாத ஒன்றை அவரிடமிருந்து நான் பறிக்கப் பார்த்தேன். அவருக்கென்று இருந்த தீர்ப்பு அது. எது நல்ல தையல் என்று சொல்லும் உரிமையைக் கம்பெனிக்கு அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை.

ஆனால் அந்த உந்துதல் உயர்வானது என்பதாலேயே அதை ஓசியில் எடுத்துக்கொள்ளலாம் என்றாகாது. பெண்களின் விஷயத்தில் எப்போதும் இந்த இடத்தில்தான் பாதை திரிகிறது. அன்பாகச் செய்கிறாள், ஆகவே கூலி வேண்டாம். ஈடுபாட்டோடு செய்கிறாள், ஆகவே பெயர் வேண்டாம். சமையல், பிள்ளை வளர்ப்பு, நோயாளியைப் பார்த்துக்கொள்வது என்று எல்லாவற்றிலும் நடப்பது தையலிலும் நடக்கிறது. தன் வேலை நன்றாக இருக்க வேண்டும் என்பது தைப்பவர் தனக்கே வைத்துக்கொண்ட கடன். அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது வாங்குபவருக்கு உள்ள கடன். முதல் கடனை அவர் ஒழுங்காகச் செலுத்துவதைக் காட்டி இரண்டாவதைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது.

சட்டம் இதை முழுதாக அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, பொருளை வாங்கிப்போய்த் தன் வீட்டில் செய்து தருபவரையும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வைத்தது. ஜோடிக் கணக்குக் கூலிக்கும் குறைந்தபட்ச அளவு நிர்ணயிக்கலாம் என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவேலைக்கான 177ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்து உற்பத்தி செய்பவர்களை மற்றக் கூலித் தொழிலாளர்களுக்கு இணையாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதில் கையெழுத்திட்டு ஏற்கவில்லை. எங்கள் தெருவுக்கு இவற்றில் எதுவும் வந்து சேரவில்லை. பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டிக் கேட்பது? பெயரை எழுதுவதுதான் முதல் வேலை. அதை அரசும் கம்பெனியும் செய்ய வேண்டும் என்று கேட்பவள், என் சொந்தப் பைக்குள் அதைச் செய்யாமல் இருந்தேன்.

சந்தையிலிருந்து திரும்பிய இரவு அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் சொன்னேன். அவர் நெகிழ்ந்து, "அதுக்கு இன்னாடி, நீ வேற நான் வேறயா" என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"எத்தினிக்கு வித்த?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தோல் எவ்வளவு, நூல் எவ்வளவு, சந்தையில் இடத்துக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு பைக்கு நான்கு மூலை, ஒரு மூலைக்கு அரை மணி என்று விரல்விட்டு எண்ணினார். "ரெண்டு மணி நேரம் என்னுது. மூலைதான் கஷ்டம், மத்தது நேர்த் தையலு. பைக்கு நானூறு குடு."

அதிகம் என்று என் வாய் வரைக்கும் வந்தது. ஏஜென்டின் குரல் எங்கிருந்து வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேதி, எத்தனை மூலை, எவ்வளவு பாக்கி என்று அவரே எழுதுகிறார். பையின் உள்பக்கம் இரண்டு பெயர்கள் இருக்கின்றன, அவருடையது முதலில். எதிர்வீட்டு அத்தையும் மூலை தைக்கக் கேட்டிருக்கிறார். அவருக்கும் நானூறுதான், அதில் குறைக்கக் கூடாது என்று அம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். சென்ற வாரம் ஒரு பையைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார். மூலையில் இரண்டு தையல் சரியில்லையாம். எனக்கு வழக்கம்போல எதுவும் தெரியவில்லை. பிரித்துத் தைத்த நேரத்தையும் நோட்டில் எழுதினார்.